குழந்தைகள் இல்லத்தைக் கேள்வி கேட்பது எப்படி? புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். ஊராட்சித் தலைவராகி, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர் என்று யாரோ சொல்லியிருக்கலாம். அல்லது பக்கத்துத் தெருவில் இருக்கும் இல்லத்தில் ஏதோ சரியில்லை என்று படுகிற சாதாரண ஆளாகவும் இருக்கலாம். மூன்று பேருக்கும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

தமிழ்நாட்டில் இதற்குப் பதில் ஒரே அலுவலகம் கிடையாது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கண்காணிக்கும் வேலையைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கெடுவும் வைத்திருக்கிறது. "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதிய மனு எல்லா மேசையிலும் கொஞ்ச நாள் தங்கிவிட்டுக் கோப்பில் சேரும். இன்ன பிரிவின்படி இன்ன நாளுக்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது, செய்தீர்களா என்று கேட்கிற மனுவுக்குத்தான் பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் வருகிறது. இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கெடுக்கள்தான்.

முதல் படி: அது எந்த வகை இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் 'ஹோம்'தான். சட்டத்துக்கு அப்படி இல்லை.

பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, வீட்டை விட்டு ஓடிவந்த, வேலைக்கு வைக்கப்பட்டிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள் இருப்பது குழந்தைகள் இல்லம். சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் சிறுவர்கள் விசாரணைக் காலத்தில் இருப்பது கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து உத்தரவான பிறகு இருப்பது சிறப்பு இல்லம். கைக்குழந்தைகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளுக்கும், தத்துக் கொடுக்கும் வரை வைத்துப் பராமரிக்கும் தத்துவள மையம். இவை எல்லாம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

அம்மா அப்பா ஊரில் இருக்க, படிப்புக்காகப் பிள்ளையைச் சேர்த்துவிட்டிருக்கும் தனியார் விடுதி இன்னொரு கணக்கு. அதற்கு 2014-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த, மகளிர் மற்றும் சிறார்களுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். "நாங்க ஹாஸ்டல் சார், ஹோம் இல்ல" என்று ஒரு நிர்வாகி சொன்னால் உடனே அடுத்த கேள்வி, "அப்ப கலெக்டர் கொடுத்த லைசென்ஸ காட்டுங்க" என்பதாக இருக்க வேண்டும். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் காலம் தள்ளும் இடங்கள் உண்டு: உள்ளே இருப்பது ஆதரவற்ற பிள்ளைகள், வாசலில் தொங்குவது விடுதி என்ற பலகை.

இரண்டாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாவட்டத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிறவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். களத்தில் எல்லோரும் டி.சி.பி.ஓ. என்பார்கள், அவருடைய அலுவலகம் டி.சி.பி.யு., அதாவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. நிதி, திட்டம், கள விசாரணை எல்லாம் இவர்கள் வழியாகத்தான் நடக்கிறது. பணம் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்திலிருந்து வருகிறது. மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு.

குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவிடுவது குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ ஆலோசனைக் குழு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அங்கே சொல்லப்படுவது உத்தரவு. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க இந்தக் குழுவின் உத்தரவு வேண்டும். சட்டத்துக்கு முரணான சிறுவர்களுக்கு இதே இடத்தில் இளைஞர் நீதிக் குழுமம். அதன் தலைமையில் நீதித்துறை நடுவர் இருப்பார்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே மாவட்டத்தில் ஆட்சியர். 2021-ல் நிறைவேறி 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆட்சியரின் கையை நன்றாகவே பலப்படுத்திவிட்டது. தத்து உத்தரவை இப்போது அவர்தான் போடுகிறார். ஒரு இல்லத்துக்குப் பதிவு கொடுப்பதற்கு முன் அவருடைய பரிந்துரையைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ஆய்வு செய்ய வேண்டும். அந்தக் குழுவின் மேல் குறை இருந்தால் அதைக் கேட்டு உத்தரவிட வேண்டியவரும் அவரே.

மாநில அளவில் சமூக நலத் துறையின் கீழ் இருக்கும் இயக்குநரகம், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்ற பெயரில் இருந்தது, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. அரசுக்கு வெளியே நின்று கேட்க வேண்டிய அமைப்பு தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தின் இளைஞர் நீதிக்கான குழுவும் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கிறது.

மூன்றாம் படி: அவசரம் என்றால் மனு எழுத உட்காராதீர்கள்

அடி, பாலியல் தொந்தரவு, சாப்பாடு இல்லாமல் வைத்திருப்பது, பிள்ளை காணாமல் போயிருப்பது: இவற்றுக்கெல்லாம் 1098. 1996-ல் மும்பையில் தொண்டு முயற்சியாகத் தொடங்கிய இந்த எண் 2023-லிருந்து அரசின் பொறுப்பில் இருக்கிறது. 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அவர் யார் என்று கேளுங்கள்.

தனியாகத் திரியும் பிள்ளையைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துப் போகலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். குழு அன்று கூடவில்லையென்றால் ஓர் உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம். தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், சில நேரம் இரண்டும். "பாவம், கொஞ்ச நாள் நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்கிற நல்ல மனசுக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம். தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை பார்க்கிறவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை உங்களிடம் வாய் திறந்துவிட்டால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதன் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடுங்கள். "யாரு, எங்க, எத்தன தடவ" என்று நீங்களே விசாரணை நடத்த ஆரம்பித்தால் பிள்ளை அதே கதையை அடுத்து காவலரிடமும் மருத்துவரிடமும் நடுவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் கேள்வியில் இருந்த சொல் பிள்ளையின் பதிலில் ஒட்டிக்கொண்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடவும் இடம் கொடுத்துவிடும்.

நான்காம் படி: பதிவைப் பாருங்கள்

அவசரம் இல்லாத, ஆனால் சந்தேகம் இருக்கிற இடத்தில் முதலில் கேட்க வேண்டிய காகிதம் பதிவுச் சான்று. சட்டத்தின் 41-வது பிரிவின்படி, அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு கட்டாயம். ஐந்து ஆண்டு செல்லும். எத்தனை பிள்ளைகள், எந்த நோக்கத்துக்காக என்பது பதிவிலேயே இருக்கும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்காமல் கடத்தும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம்.

இந்தக் கட்டாயத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மாமல்லபுரம் பகுதியில் காப்பகப் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி வந்த ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்துதான் 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று உருவானது. வழக்கின் தலைப்பே 'தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து' என்ற பொருளில் இருக்கும். 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகுர் எழுதிய தீர்ப்பு, நாட்டில் உள்ள எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவுசெய்யச் சொன்னது. ஆய்வுக் குழுக்களையும் சமூகத் தணிக்கையையும் வலியுறுத்தியது. ஆக, வாசலில் நின்று பதிவுச் சான்று கேட்பதை மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் கூச்சப்பட வேண்டியதில்லை.

சான்றின் நகலில் மூன்று இடத்தைப் பாருங்கள்: முடிவுத் தேதி, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, ஆணா பெண்ணா இருபாலரா என்பது. "புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம்" என்றால் கொடுத்ததற்கான ஒப்புகை இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: உள்ளே போகக் கிடைத்தால்

நீங்கள் ஆய்வு அதிகாரி இல்லை. அறைக் கதவைத் திறந்து பார்க்கிற அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் நன்கொடையாளராகவோ, பாடம் சொல்லித் தருகிறவராகவோ, ஊராட்சியின் சார்பிலோ உள்ளே போகும் வாய்ப்பு வரும். அப்போது நிர்வாகி காட்டுவதைவிடக் காட்டாமல் தெரிவது அதிகம்.

படுக்கும் கூடத்துக்கு அளவு இருக்கிறது: ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி. டேப் எடுத்துப் போக வேண்டாம். தரை ஓடு பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. பத்து ஓடு ஒரு பிள்ளைக்கு. நடந்துகொண்டே எண்ணிவிடலாம். கூடத்தில் அடுக்கி வைத்த பாய், தட்டுகள் மாட்டும் அலமாரி, குளியலறையில் பிரஷ் டப்பா, இந்த மூன்றின் எண்ணிக்கையும் சுவரில் எழுதியிருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையும் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். பலகையில் 48 என்றும், பிரஷ் 30 என்றும் இருந்தால் இரண்டில் ஒன்றுதான்: பிள்ளைகள் இல்லை, அல்லது பிரஷ் இல்லை. இரண்டுமே கேட்க வேண்டிய விஷயம்.

அடுத்தது புகார்ப் பெட்டி. விதிகளைப் படித்தால் இதற்குத்தான் இவ்வளவு யோசித்திருக்கிறார்களா என்று தோன்றும். பெட்டி அலுவலக அறையிலிருந்து தள்ளி, பிள்ளைகள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அவர்களுக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சாவி வார்டனிடம் இருக்கக் கூடாது. இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் குழுவின் முன்னிலையில் திறக்க வேண்டும். நான் பார்த்த பெட்டிகளில் பல, வார்டன் நாற்காலிக்கு நேர் மேலே, பெரியவர்கள் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் மாட்டியிருந்தன. ஒன்றில் பூட்டுத் துவாரம் துருவேறி அடைத்துப்போயிருந்தது. அந்தப் பூட்டைத் திறந்து எத்தனை காலமாயிற்று என்று தெரிந்துகொள்ள ஆய்வறிக்கை எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகள் குழு இருக்க வேண்டும். யார் தலைவர் என்று ஒரு பிள்ளையிடம் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை வார்டன் முகத்தைப் பார்த்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்குப் பிரியாணி போட வருகிறவர்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லங்களுக்கு எந்த அதிகாரியையும்விட அடிக்கடி வந்துபோகிறவர்கள் இவர்கள்தான். கண் இருந்தால் நல்ல கண்காணிப்பாளர்களாக இருக்கக்கூடியவர்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட வைத்து, படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் வெளியாவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக்கோடு வரும் நண்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: கண்காணிக்க வேண்டியவர்கள் வந்தார்களா என்று கேளுங்கள்

என் பார்வையில் இதுதான் முக்கியமான படி. புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போவதும் இதுதான்.

கணக்கு இப்படி. 54-வது பிரிவின்படி அமைக்கப்படும் ஆய்வுக் குழு ஒவ்வோர் இல்லத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். போகிறவர்கள் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். போய்வந்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையின் மேல் ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை வேண்டும். இது தவிர, குழந்தைகள் நலக் குழு மாதம் இரண்டு முறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும். இளைஞர் நீதிக் குழுமம் கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம் போன்ற இடங்களை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதற்கும் மேல் இல்லத்தின் மேலாண்மைக் குழு.

இந்த மேலாண்மைக் குழுவின் தலைவர் யார் என்று கவனியுங்கள்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். அதாவது, இல்லம் எப்படி நடக்கிறது என்பதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. இல்லத்தைப் பற்றிய புகாரும் அவரிடமே வருகிறது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது சங்கடமான நிலை. ஆகவே இல்லத்தைப் பற்றிய புகாரை டி.சி.பி.யு.வுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆட்சியருக்கு அனுப்பி, நகலை டி.சி.பி.யு.வுக்கும் இயக்குநரகத்துக்கும் போடுங்கள்.

வந்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ள, தகவல் அறியும் உரிமைச் சட்டம். டி.சி.பி.யு.வின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ முதல் மேல்முறையீடு. கேள்வியைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள், மறுப்பதும் சரி. அதிகாரிகளைப் பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய இப்படி:

"கடந்த இரண்டு நிதியாண்டுகளில் மாவட்ட ஆய்வுக் குழு மேற்படி இல்லத்தை ஆய்வு செய்த தேதிகள், ஒவ்வோர் ஆய்விலும் கலந்துகொண்டவர்களின் பதவி, அறிக்கை சமர்ப்பிக்கப்பட்ட தேதி, அறிக்கையின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையும் அதன் தேதியும், மேலாண்மைக் குழு கூடிய தேதிகள், புகார்ப் பெட்டி திறக்கப்பட்ட தேதிகள். பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ தேவையில்லை."

இரண்டு ஆண்டில் எட்டுத் தேதி வர வேண்டும். மூன்றுதான் வந்தது என்றால், அந்தப் பதிலே உங்கள் புகாரின் முதல் இணைப்பு. எட்டும் வந்து, எட்டிலும் மருத்துவ அலுவலர் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தால் அதுவும்தான்.

தேதி மட்டும் போதுமா என்றால் போதாது. பீகாரின் முசாபர்பூர் இல்லத்துக்கும் அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2018-ல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் கோஷிஷ் குழு மாநிலம் முழுக்க 110 இல்லங்களில் சமூகத் தணிக்கை நடத்தி அறிக்கை கொடுத்த பிறகுதான் அங்கிருந்த 30-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு நடந்த கொடுமை வெளியே வந்தது. 2020-ல் டெல்லி சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வழக்கமான ஆய்வில் நிர்வாகி பக்கத்தில் நிற்க, "சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்லும். தணிக்கைக் குழு செய்தது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. ஆகவே அறிக்கையின் நகல் கிடைத்தால் அதில் ஒரே வரியைத் தேடுங்கள்: பிள்ளைகளிடம் ஊழியர்கள் இல்லாமல் தனியாகப் பேசப்பட்டதா?

நம் ஊரிலும் உதாரணத்துக்குக் குறைவில்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்து, இந்த இல்லங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வாங்கியது. அது பதிவு பெற்ற, அரசே நடத்துகிற, எல்லாக் கண்காணிப்புக்கும் உட்பட்ட இடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மனு

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதி, யார் சொன்னது. உங்கள் ஊகம் எது, நேரில் கண்டது எது என்று பிரித்து எழுதுங்கள். கடைசியில் எந்தப் பிரிவின் கீழ் என்ன கேட்கிறீர்கள் என்ற ஒரு வரி: "54-வது பிரிவின்படி ஆய்வுக் குழுவை அனுப்பி, அறிக்கையின் மேல் எடுக்கும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." ஊழியர் பிள்ளையை அடித்தார் என்றால் 75-வது பிரிவையும் 82-வது பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். முதலாவது கொடுமைக்கு; நிறுவனத்தின் ஊழியர் செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இரண்டாவது உடல் தண்டனைக்கு.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். நல்ல வழிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்கள் மனு எத்தனை கை மாறும் என்று யோசியுங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து பதிவுசெய்தாலும் இதே கதைதான். ஆகவே திறந்த மனுவில் இல்லத்தின் பெயரும் சிக்கலின் தன்மையும் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் மூடிய உறையில், மேலே 'குழந்தை பற்றிய தகவல், நேரில் மட்டும்' என்று எழுதி, ஆட்சியர் பெயருக்கோ குழந்தைகள் நலக் குழுத் தலைவர் பெயருக்கோ. பத்திரிகை நண்பருக்கு அந்த உறையின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆசை வரும். வேண்டாம்.

ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். சீட்டின் தேதியிலிருந்து நாட்காட்டியில் 30 நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பதில் வராவிட்டால், அல்லது தவறாக வந்தால்

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவே தவறு என்று பட்டால், 30 நாளுக்குள் மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறொரு குடும்பத்தில் வளர விடுவது), நிதி ஆதரவு தொடர்பான உத்தரவு என்றால் மட்டும் ஆட்சியரிடம். உத்தரவு இல்லாமல் நடத்தையே சிக்கல் என்றால், அதாவது குழு கூடுவதே இல்லை, பெற்றோரை மரியாதையில்லாமல் பேசுகிறார்கள், மாதக்கணக்கில் இழுக்கிறார்கள் என்றால், 27-வது பிரிவின்படி ஆட்சியர்தான் குறைதீர்க்கும் அதிகாரி. பிள்ளையோ பிள்ளையோடு தொடர்புள்ள எவருமோ அவரிடம் புகார் செய்யலாம், இரு தரப்பையும் கேட்டு அவர் உத்தரவிட வேண்டும். இழுப்பது என்றால் எவ்வளவு? பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், இறுதி உத்தரவுக்கு, பிள்ளை முதலில் முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதம். இதைத் தாண்டினால் கேட்கலாம்.

மாவட்டத்தில் எல்லாக் கதவையும் தட்டியாயிற்று என்றால் மாநில ஆணையம். விசாரிக்கும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு: ஆளை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் முடிவில் அது கொடுப்பது பரிந்துரை. ஆணையம் தண்டித்துவிடும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆணையத்தின் சம்மன் வந்தவுடன் மாவட்டத்தில் தூங்கிய கோப்பு எழுந்துகொள்ளும் என்று எதிர்பார்த்துப் போனால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இல்லத்தை மூடிவிட்டால்

புகார் ஜெயித்து, பதிவு ரத்தாகி, இல்லத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இங்கே வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அன்று மாலைதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் வேறு தாலுகாவில் உள்ள இல்லத்துக்கு வேனில் ஏற்றிவிடுவார்கள். ஆண் இல்லம், பெண் இல்லம் என்று அண்ணனும் தங்கையும் பிரிவார்கள்.

குழந்தைகள் நலக் குழு இடமாற்ற உத்தரவு போடும் நாளில் போய் நில்லுங்கள். வீட்டுக்கே அனுப்ப முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். அம்மா மட்டும் இருந்து, வறுமையால் சேர்த்துவிட்ட பிள்ளை என்றால் மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு உண்டு: ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவில் அந்த விண்ணப்பம் நிறைவேற வேண்டும். வருமானச் சான்றும் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் இல்லாமல் நிற்பவை நிறைய, அவற்றை நீங்களே முன்நின்று எடுத்துக் கொடுக்கலாம். 18 முடிகிற நிலையில் இருக்கும் பிள்ளை என்றால் இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு 21 வயது வரை கிடைக்கும் பிற்காப்பு ஆதரவு கேளுங்கள்.

இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளையோடு என்னென்ன போகிறது என்று வேன் கிளம்புவதற்கு முன் சரிபாருங்கள்: குழு உத்தரவின் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், மருத்துவப் பதிவேடு, தினமும் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் அது, தனிநபர் பராமரிப்புத் திட்டக் கோப்பு, வங்கிப் புத்தகம், வீட்டிலிருந்து யாராவது பார்க்க வருவார்கள் என்றால் அவர்களுடைய போன் எண். பழைய இல்லத்தின் அலமாரியில் மாட்டிக்கொண்ட மாற்றுச் சான்றிதழை, பூட்டி சீல் வைத்த பிறகு வெளியே எடுப்பதற்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டியிருக்கும்.